சுங்காய் பாதையில் மூன்று வரிகள்

சிறுநீரக நோயாளிகளை இரத்தச் சுத்திகரிப்புக்கு ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறேன். வாரத்தில் மூன்று நாள், விடியுமுன் ஈப்போ புறநகர் புந்தோங்கிலிருந்து கிளம்பி சுங்காய் போய், மூன்று பேரை ஈப்போ மையத்துக்குக் கொண்டுவருவேன். அவர்கள் உள்ளே படுத்திருக்கும் நான்கு மணி நேரமும் எனக்கு வேனுக்குள்தான். தூக்கம் கண்ணைச் சுழற்றும், ஆனால் வராது. அப்படித்தான் ஹைக்கூ எழுத ஆரம்பித்தேன். மூன்று வரி என்பதால் பெட்ரோல் ரசீதின் பின்பக்கமே போதும்.

மழை நின்றும்
ஓடுகிறது வைப்பர்
யாரும் பேசவில்லை

திரும்பும்போது உண்மையிலேயே யாரும் பேசமாட்டார்கள். இயந்திரம் அவர்களைப் பிழிந்து அனுப்பியிருக்கும். முன்சீட்டில் வரும் அக்கா மட்டும் கண்ணை மூடாமல் சாலையைப் பார்த்துக்கொண்டு வருவார். எழுபது வயது. முப்பது வருஷம் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்தவர். இப்போது அந்த மரங்கள் இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை.

ஒரு நாள் ரசீதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி எழுதுறீங்க, படிங்க" என்றார். அன்று எழுதியதைப் படித்தேன்.

உதிரும் ரப்பர் இலைகள்
தோட்டமெங்கும்
தங்கக் கம்பளம்

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க மரம் வெட்டினதில்ல, இல்லையா?"

"இல்லக்கா. டவுன்ல பொறந்தவன்."

"தெரியுது லா. எல உதுந்தா பால் கொறஞ்சிடும். எங்களுக்கு அது கஷ்ட காலம். காஞ்ச எல கூடப் பரவால்ல, பாம்பு போனா சரசரன்னு கேக்கும். ஈர எலதான் பயம். அது மேல என்ன போனாலும் சத்தமே வராது."

எனக்கு முகம் சூடானது. கோபம் இல்லை, வெட்கம். ரப்பர் தோட்டத்துக்குள் நான் நடந்ததே இல்லை. எங்கோ பார்த்த படத்தை நினைத்து எழுதியது அது. அந்த ரசீதைக் கிழித்துப் போட்டேன். இரண்டு வாரம் ஒன்றும் எழுதவில்லை. எழுதுவதும் இன்னொரு வேலையாகிவிட்டது போல் இருந்தது. பிறகு ஒரு காலை மையத்தின் வாசலில் அவர் சொன்னதையே எழுதினேன்.

ஈர இலைகள்
சத்தமில்லாமல் போகிறது
ஏதோ ஒன்று

அக்காவிடம் படித்துக் காட்டினேன். ஊசி குத்திய கையை மடியில் வைத்தபடி கேட்டார். "இது சரி" என்றார். பிறகு, "ஆனா இது நான் சொன்னது லா" என்றார்.

"ஆமாக்கா. உங்களோடதுதான்."

ரசீதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லாப் பயணங்களிலும் ஒன்றிரண்டு சொல்வார். குரல் இருந்தால் சொல்வார், இல்லாவிட்டால் வெளியே கை காட்டுவார். நான் எழுதுவேன். பாதிக்கு மேல் தேறாது.

போன மாதம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மையத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. போனில் சொன்னார். "இனிமே நடந்தே போயிடுவேன் தம்பி. நீங்களும் கொஞ்சம் தூங்குங்க." நல்ல செய்திதான். சந்தோஷம் என்றேன். சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

மற்ற இருவரும் வேறு வேனுக்கு மாறிவிட்டார்கள். எனக்கு இப்போது ஆற்றோர ஊரான ஹுத்தான் மெலிந்தாங் பாதை. முன்பு மீன்பிடித்துக் கொண்டிருந்த ஒரு பெரியவர் பின்சீட்டில் ஏறியதும் வாய் திறந்து தூங்கிவிடுவார். நேற்று ஆற்றில் கட்டியிருந்த படகுகளைப் பற்றி ஒரு வரி எழுதினேன். இரண்டாவது வரி வரவில்லை. தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்தேன்.