மூன்று கோடு வெட்டிய கல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் புதையல் தேடாத ஆம்பிளை குறைவு. வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள், அவ்வளவுதான். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டால் விறகு பொறுக்கப் போனேன் என்பார்கள். விறகுக்குப் போகிறவனுக்கு மண் தோண்டுகிற அலவாங்கு எதற்கு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்கிறவனும் போன மாதம் அதே அலவாங்கை இரவல் வாங்கிக்கொண்டு போனவனாகத்தான் இருப்பான்.

எல்லாருக்கும் கதை ஒன்றுதான். அந்தக் காலத்துப் பெரிய கங்காணி ஒருவர் குடத்தில் பவுன் காசு போட்டு மலையில் புதைத்துவிட்டு, பெற்ற மகனிடம்கூட இடத்தைச் சொல்லாமல் செத்துப்போனாராம். சிலர் ஒரு குடம் என்பார்கள், சிலர் ஏழு என்பார்கள். அந்தப் பவுனெல்லாம் நம்முடைய ஆட்கள் வயிற்றில் அடித்துச் சேர்த்தது, அதனால் எடுக்கிறவனுக்குப் பாவமில்லை என்று ஒரு நியாயமும் வைத்திருந்தோம். நான் அதை நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்பாமலும் இல்லை. மழைக்காலத்தில் லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா ஒழுகும்போது பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூலையில் குந்தியிருப்பவன் எதையும் நம்புவான்.

நான் முதலில் தேடப் போனது மஸ்கெலியாவில். மழை பொய்த்த ஒரு வருடம் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வெகுவாக இறங்கி, எப்போதோ மூழ்கிப்போன பழைய டவுன் வெளியே தெரிந்தது. பஸ் பிடித்துச் சனம் வந்து பார்த்தது. நானும் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பழைய கோயில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சேற்றில் குனிந்து கையைவிட்டு அளைந்துகொண்டிருந்தேன். அரை நாள் அளைந்து கிடைத்தது ஒரு கதவுக் கீல். அதை டவுனில் பழைய சாமான் வாங்குகிற முஸ்லிம் நானாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத நீங்களே வச்சுக்கங்க. கதவு கெடச்சா மாட்டிக்கலாம்" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "இத்தன வருசம் தண்ணிக்குள்ள கெடந்தும் கோயிலு எடத்த விட்டுப் போகலங்க. தேடி வந்தா இருக்கு பாருங்க."

நான் கதவுக் கீலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. சரியாகச் சொன்னால், பிறந்த ஒரே பெண் குழந்தையும் கைக்குழந்தையாகவே போய்விட்டது. அப்போது நான் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். காய்ச்சல் என்று தகவல் வந்தபோது, கடையில் ஆள் இல்லை, நாளைக்குப் போ என்றார்கள். நாளைக்குப் போனேன். வழியெல்லாம் மழை, மண்சரிவு. நான் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாள். என் அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்திருந்தார். தோட்டத்தில் மதகு, படிக்கட்டு, காவல் சுவர் எல்லாம் கட்டுகிற கல்வேலைக்காரர் அவர்.

"வாடா, எடத்தக் காட்டுறேன்" என்று அன்றைக்கே கூப்பிட்டார். நான் போகவில்லை. பிறகும் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். எனக்கு அவர் மேல் கோபம், கடைக்காரன் மேல் கோபம், மழை மேல் கோபம். எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு பயம் இருந்தது. போய் அந்த இடத்தில் நின்றால் நான் வராமல்போனது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். கைக்குழந்தைக்குக் காரியம், திவசம் எதுவும் கிடையாது. பெண்கள் அடக்கம் செய்கிற இடத்துக்குப் போவதும் வழக்கமில்லை. ஆகவே அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்தது. அப்படியே பதினான்கு வருடம் ஓடிவிட்டது. நடுவில் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிறகு நாட்டில் நெருக்கடி வந்தது. மாவு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்து ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தவள் ஒரு நாள் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, "நான் வெளிநாடு போகப் போறேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். அட்டனில் ஆள் அனுப்புகிற ஒருவரிடம் பாஸ்போர்ட்டை ஏற்கெனவே கொடுத்திருந்தாள். "இங்க இருந்து நான் யாரப் பாத்துக்கப் போறேன்?" என்றாள். என்னைப் பார்த்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவள் போய்விட்டால் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கவில்லை. பிள்ளை இல்லாத வீட்டுக்கு எதற்காகத் திரும்பி வர வேண்டும்? "ஒரு மாசம் பொறு, நான் ஒரு வழி பண்றேன்" என்றேன்.

"என்ன வழி? பொதையலா?" என்று கேட்டுவிட்டு ஊதுகுழலை எடுத்தாள்.

ஆமாம், புதையல்தான். வேறு வழி எனக்கு என்ன தெரியும்? அடுத்த காம்பராவில் ஒருவர் இருந்தார். பூண்டுலோயாவிலிருந்து எங்கள் தோட்டத்தில் பெண் கட்டி இரண்டு வருடத்துக்கு முன்தான் குடிவந்தவர். என்னைவிட இளையவர், என்னைவிடப் பைத்தியம். அவர் ஒரு நாள் மூச்சிரைக்க வந்து காதில் சொன்னார்: "அண்ணே, பழைய மலையில ஒரு கல்லு பாத்தேங்க. மூணு கோடு வெட்டியிருக்கு. உளியில வெட்டுனது. மழையில வந்த கோடு இல்லீங்க."

பழைய மலை என்றால் கம்பனி கைவிட்ட தேயிலை. கவ்வாத்து இல்லாமல் செடியெல்லாம் மரமாகி, உள்ளே போனால் அட்டையும் பன்றித் தடமும்தான். போய்ப் பார்த்தேன். சரிவில் ஆட்டுரல் பருமனில் ஒரு கல் பாசி பிடித்துக் கிடந்தது. பாசியைச் சுரண்டினால் ஒரு விரல் நீளத்துக்கு ஒரே அளவாக மூன்று கோடு. வெட்டியவன் கைகாரன் என்று பார்த்தவுடனே தெரிந்தது. மூன்று முழம் தோண்டு என்று அர்த்தம் என்றார் அவர். மூன்று குடம் என்றேன் நான். இரண்டில் எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம்தான்.

அடுத்த பௌர்ணமிப் போயா நாளில் போனோம். வேலை இல்லாத நாள், மலையில் ஆள் இருக்காது. மூடுபனி பகலிலேயே இறங்கி நின்றது. முதலில் கல்லை அகற்ற வேண்டும். அலவாங்கைக் கொடுத்து இரண்டு பேருமாக நெம்பினோம். அது லேசில் அசையவில்லை. வைத்தவன் அடியில் சின்னக் கல் கொடுத்து, பள்ளத்துக்கு நழுவாமல் முட்டுவைத்திருந்தான். இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தால் கீழே பெரிதாக இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு இன்னும் அழுத்தி நெம்பினேன். கடைசியில் பிடி விட்டது. கல் புரண்டு, செடிகளை முறித்துக்கொண்டு கீழே ஓடைப் பள்ளத்துக்குள் போனது. எங்கே போய் நின்றது என்று நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை.

தோண்டிய குழி இடுப்பளவுகூட ஆகவில்லை. மண்வெட்டி தள்ளிய மண்ணில் வட்டமாக ஒன்று கிடந்தது. "காசு! அண்ணே, காசு!" என்று அவர் கத்தினார். நான் அதைப் பிடுங்கி எச்சில் தொட்டு இடுப்புச் சாரத்தில் துடைத்தேன். கங்காணியின் பவுன் இல்லை. கடையில் மிச்சம் கொடுக்கிற இரண்டு ரூபாய்க் குத்தி, துருப்பிடித்துக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் குனிந்து கையாலேயே மண்ணைக் கிளறினேன். விரலில் கறுப்பு மணிகள் நாலைந்து தட்டுப்பட்டன. கண்ணேறு படாமல் இருக்கக் கைக்குழந்தைக்குக் கையில் கட்டுகிற மணி.

எங்கள் ஆட்களில் செத்தவர்களின் நெற்றியில் ஒரு காசு ஒட்டித்தான் அனுப்புவோம். கூட வந்தவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார். "அண்ணே, இது நெத்திக்காசு. யாரோ புள்ளைய வச்ச எடம்" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அவருக்கு வீட்டில் கைக்குழந்தை.

எனக்கு அழுகை வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வந்தது எரிச்சல்தான். ஒரு பகல் வீணாகப்போன எரிச்சல். "சரி சரி, மூடு. யாரு பெத்த புள்ளையோ" என்றேன். காசையும் மணியையும் கிடந்த இடத்திலேயே போட்டு மண்ணைத் தள்ளி மூடினோம். அவர் தரையைத் தொட்டுக் கும்பிட்டார். நான் அலவாங்கைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.

அவள் புறப்பட மூன்று நாள் இருந்தது. என் சாரத்தில் இருந்த செம்மண்ணைப் பார்த்து, "கெடச்சிருச்சா?" என்று கேட்டாள். கேலி இல்லாமல்தான் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஒன்னு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"கேளு."

"நம்ம புள்ளைய வச்ச எடத்துல ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வந்து குடுங்க. நான் கொண்டு போறேன்."

"சுடுகாட்டு மண்ண யாராச்சும் கொண்டு போவாங்களா?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "சுடுகாட்டுல எங்க வச்சாங்க? அந்த வாரந்தான் மழையில சுடுகாட்டுப் பாத சரிஞ்சு கெடந்துச்சே. ஒங்க அண்ணன் பழைய மலையிலதான வச்சுட்டு வந்தாரு. ஒங்களுக்குச் சொல்லலையா? தம்பி என்னைக்காச்சும் தேடி வருவான், அவனுக்கு எடம் தெரியணும்னு ஒரு கல்லப் பொரட்டி வச்சு, உளியால மூணு கோடு வெட்டிட்டு வந்தேன்னு என்கிட்ட சொன்னாரு. புள்ள மூணு மாசம் இருந்தாள்ல, அதுக்கு மூணு."

பிளேன்டீ கையில் ஆறிப்போனது. அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், ஒன்றும் காதில் விழவில்லை. எனக்காக, எனக்காக மட்டும், என் அண்ணன் மழையில் உட்கார்ந்து வெட்டிய கோடு. அதைப் பார்த்து மூன்று குடம் என்றேன். யாரு பெத்த புள்ளையோ என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் பழைய மலைக்குப் போனேன். மண்வெட்டி கொண்டு போகவில்லை. தேவைப்படவுமில்லை. கையை வைத்தவுடன் மண் வந்தது. அங்கே உட்கார்ந்து பதினான்கு வருடத்து அழுகையை அழுதேன். பிறகு அவளுடைய பழைய சேலைத் துண்டில் ஒரு பிடி முடிந்துகொண்டு வந்தேன்.

அவள் முடிச்சை அவிழ்த்து மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். வெகுநேரம் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பொலபொலன்னு இருக்கே" என்றாள். "காட்டு மண்ணு இப்பிடி இருக்காது. கல்லு மாதிரில்ல இறுகியிருக்கும். யாரோ கொத்திப் பாத்துக்கிட்டு வாராங்க."

நான் கீழே சிந்திய மண்ணைக் கூட்டித் துண்டில் போட்டேன்.

"நீங்கதான?" என்றாள். "வெறகுக்குப் போறேன், பொதையலுக்குப் போறேன்னு என்கிட்ட சொல்லிட்டு, அங்கதான் போய்க்கிட்டு இருந்திருக்கீங்க. நான்தான் ஒங்கள என்னென்னமோ நெனச்சுட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகக்கண்ணில் இருந்த மண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். அவள் அப்படி என் கையைப் பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அந்தக் கை வேண்டியிருந்தது.

அவள் போனாள். திரும்பி வரமாட்டாள் என்று நான் பயந்தது நடக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை போனில் பேசுகிறாள். மண் முடிச்சு தலையணைக்கு அடியில் இருக்கிறது என்கிறாள். ஒப்பந்தம் முடிந்து வருகிறாளாம். "வந்ததும் மொத வேல, என்னைய அங்க கூட்டிட்டுப் போங்க. பொம்பள போகக் கூடாதுன்னு எவன் சொன்னாலும் நான் கேக்க மாட்டேன். ஒங்க அண்ணன் வெட்டுன கோட்டத் தொட்டுப் பாக்கணும்" என்றாள்.

ஓடைப் பள்ளம் ஆள் உயரத்துக்குப் புதர் மண்டிக் கிடக்கிறது. இரண்டு மழைக்காலத்து மண் வேறு சரிந்து மூடியிருக்கிறது. உள்ளே நூறு கல் கிடக்கிறது, எல்லாவற்றிலும் பாசி. ஒவ்வொன்றாகப் புரட்டிச் சுரண்டிப் பார்க்கிறேன். வேறு ஒரு கல்லில் மூன்று கோடு வெட்டி வைத்துவிடலாம் என்றும் தோன்றியது. அண்ணனுடைய உளி வீட்டில்தான் இருக்கிறது. எடுத்து ஒரு நாள் கல்லில் வைத்தேன். ஓங்கக் கை வரவில்லை.

போயா நாளில் அலவாங்கோடு போகும்போது லயத்தில் எங்கே என்று கேட்கிறார்கள். விறகுக்கு என்கிறேன். இவன் இன்னும் திருந்தவில்லை என்று சிரிக்கிறார்கள். அவள் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கல் கிடைக்கவில்லை.