பச்சை அட்டை கட்டிய சைடுகார்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து அறுபது தாண்டிய மனிதனுக்கு ஏன் அப்படி வயிறு எரிந்தது என்று உங்களுக்குப் புரியாது. காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறைக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் என் நண்பருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துதான் போனேன், வந்தேன். இருவருக்கும் வீடு நாச்சாரத்தில், அடுத்தடுத்த தெரு. உப்பல், எல்.பி. நகர் என்று சுற்றிக்கொண்டு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். இந்த ஊரை நான் பார்த்ததெல்லாம் அவருடைய தோளுக்கு மேலாகத்தான்.

சிநேகம் ஆரம்பித்தது கேண்டீன் வரிசையில். தெலுங்கும் இந்தியும் இரைந்துகொண்டிருந்த இடத்தில் யாரோ, "என்னவே இது, வரிசை நகருமா நகராதா?" என்று தனக்குத் தானே சலித்துக்கொண்டார். திருநெல்வேலிக்காரன் காதில் அது விழுந்தால் சும்மா இருக்க முடியுமா? அன்று சாயங்காலமே அவர் ஸ்கூட்டரில் ஏறிவிட்டேன்.

அவருக்கு லேத்தில் வேலை. எனக்கு இன்ஸ்பெக்‌ஷன். அவர் கடைந்த சாமான் என் மேஜைக்கு வரும். சரியாக இருந்தால் பச்சை அட்டை கட்டுவேன், தேறாவிட்டால் சிவப்பு. காலையில் யார் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தேனோ அவருடைய சாமானுக்கே மத்தியானம் சிவப்பு அட்டை கட்டியிருக்கிறேன். மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள், மேலதிகாரியிடம் போவார்கள். இவர் மட்டும் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. "நீரு சிவப்புன்னா சிவப்புதான்வே" என்று சொல்லிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார். நானும் வேண்டியவன், வேண்டாதவன் என்று பார்த்து ஒரு அட்டைகூட மாற்றிக் கட்டியதில்லை. எனக்கு இருந்த கர்வம் அது ஒன்றுதான்.

வாரத்தில் ஆறு நாள் அந்தப் பின் ஸீட் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் மனைவிக்கு. இப்படி ஒரு கணக்கு என் மனசில் இருந்தது என்பதே ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஓய்வு பெற்ற மறு வருஷம் அவர் ஸ்கூட்டரை விற்றுவிட்டு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வண்டி புதுசுதான், ஆனால் பார்க்க வெள்ளைக்காரன் காலத்து வண்டி மாதிரி இருந்தது. கரும்பச்சை நிறம், உருண்டையான பெரிய விளக்கு, அடியில் ஸ்பிரிங் வைத்த தோல் ஸீட். தெருவில் நின்றவர்கள் எல்லாம் கையால் தடவிப் பார்த்தார்கள். நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஒரே ஒரு ஸீட்தான் இருந்தது. அதற்குப் பின்னால் மொட்டையாக மட்கார்டு.

"பின்னாடி ஸீட்டு எங்கவே?" என்றேன்.

"இந்த மாடலுக்கு ஒத்த ஸீட்டுதான்வே. அதாம்வே அழகு" என்றார் அவர், முகமெல்லாம் பல்லாக.

அழகாம் அழகு! இருபத்திரண்டு வருஷம் நான் உட்கார்ந்த இடத்தை அறுத்துப் போட்டதுபோல் இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து, அந்த வண்டி புகை கக்கும், சத்தம் போடும், இந்த டிராஃபிக்குக்கு லாயக்கே இல்லை என்று அடுக்கினேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, "வைக்கப்போரு நாய் மாதிரி பண்ணாதிய. உங்களுக்கு ஓட்டவும் தெரியாது, அவிய ஓட்டினாலும் பொறுக்காதா?" என்றாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான், மனசில் இருப்பதை எடுத்து எதிரில் வைத்துவிடுவாள்.

இரண்டு மாதம் கழித்து அவர், "வண்டிக்கு சைடுகார் ஒண்ணு மாட்டலாமான்னு யோசிக்கேன். நீரும் வாரும்வே, பாத்துட்டு வருவோம்" என்றார். மானம் கெட்ட மனசு, உடனே துள்ளியது. பின் ஸீட் இல்லாமல் போனால் என்ன, பக்கத்திலேயே நாற்காலி வருகிறதே! அடுத்த தெருவில் இருக்கிற என்னை ஏற்றத்தானே என்று நினைத்துக்கொண்டேன். பட்டறைக்குப் போகிற வழியில் ஆட்டோவில் வைத்துத்தான் சொன்னார். அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது. இனி ஒருக்களித்து வண்டியில் உட்கார முடியாது. "வீட்டுக்குள்ளயே கெடக்கா, பாவம். இதுல காலை நீட்டி உக்காந்துக்கிடுவால்லா?" என்றார். நான் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

பட்டறை சனத்நகரில், பழைய தொழிற்பேட்டைக்குள் இருந்தது. மெக்கானிக் அங்கேயே பிறந்து வளர்ந்த உருதுக்காரர், ஐம்பது வயதிருக்கும். மூன்று வாரத்தில் சைடுகாரைச் செய்து, வண்டியோடு சேர்க்கும் இரும்புச் சட்டத்தையும் வெல்டு பண்ணி, பரீட்சை பார்க்க மாட்டி வைத்துவிட்டார். மறுபடியும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார் நண்பர். ஆள் இல்லாமல் ஓட்டினால் இடது பக்கம் திரும்பும்போது சைடுகார் தரையை விட்டுத் தூக்கிவிடுமாம். அதற்காக மணல் மூட்டையை எடுக்கப் போனார் மெக்கானிக்.

"நக்கோ, நக்கோ" என்று தடுத்தார் நண்பர். "மூட்டை எதுக்கு? இவரு இருக்காருல்லா!"

மணல் மூட்டைக்குப் பதிலாக நான் ஏறி உட்கார்ந்தேன். ஒன்று சொல்ல வேண்டும், சுகமாக இருந்தது. தரைக்கு ஒரு முழம் மேலே, காற்று முகத்தில் அடிக்க, பக்கத்தில் அவருடைய முழங்கால். தொழிற்பேட்டையை இரண்டு சுற்று வந்தோம். இடது திருப்பத்தில் அவர் குனிந்து, "எப்படி இருக்குவே?" என்று கத்தினார். பழையபடி நாங்கள் இருவரும் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

இறங்கியதும் அவர் டேப்பை எடுத்து, நான் உட்கார்ந்திருந்த இடத்தை அளக்க ஆரம்பித்தார். அவளுக்கு இவ்வளவு உயரம் ஆகாது, படியைத் தாழ்த்தணும், அவள் கைப்பிடித்து ஏற இங்கே ஒரு கம்பி வேண்டும் என்று அவள் புராணம் ஓடியது. ஸீட்டை நான் இன்னும் முழுசாகச் சூடுகூட பண்ணவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "நீரு ஒரு தடவை வெல்டிங்கைப் பாத்துச் சொல்லும்வே. நீரு சரின்னா இன்னைக்கே முடிச்சிருவோம்" என்றார்.

குனிந்தேன். சட்டத்தைத் தொட்டேன். உடனே நிமிர்ந்தேன்.

"விரிசல் இருக்குவே. தாங்காது. வேண்டாம்."

"கைக்கு சாப்?" என்று பதறினார் மெக்கானிக். ஏன், எங்கே என்று அவர் கேட்கக் கேட்க நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நண்பர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெக்கானிக்கின் தோளில் கைவைத்து, வேண்டாம், கழற்றிவிடுங்கள் என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

திரும்பி வந்ததும், நண்பர் வீட்டில் காப்பி குடிக்காமல் போக விடமாட்டார்கள். அவர் மனைவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, என் நாற்காலியில் புதுசாக ஒரு திண்டைப் போட்டார். நீலத் துணியில் கையாலேயே தைத்தது. "அந்த வண்டிக்குன்னு தச்சேன். இனி எதுக்கு? நீங்க உக்காருங்க அண்ணாச்சி" என்றார். நண்பர் விஷயத்தை முன்பே போனில் சொல்லியிருந்தார் போல. "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்கயாவது விழுந்து வைக்கதுக்கு வீட்டுலயே இருந்துட்டுப் போறேன்" என்று சிரித்தார்.

அந்தத் திண்டின் மேல் உட்கார்ந்து காப்பியைக் குடித்தேன். முள்ளில் உட்கார்ந்திருந்தால்கூட அவ்வளவு குத்தியிருக்காது. எத்தனையோ ஆயிரம் சாமானில் ஒன்றுக்குக்கூடப் பொய் அட்டை கட்டாதவன், நடக்க முடியாத ஒரு பொம்பிளைக்குக் கட்டிவிட்டேன். சீ, என்ன பிழைப்பு!

மறுநாள் காலையில் பஸ் பிடித்துத் தனியாக சனத்நகர் போனேன். மெக்கானிக் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் நான் கேட்ட டார்ச்சைக் கொடுத்தார். கையோடு கொண்டுபோயிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வெல்டாக நகத்தால் தடவிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. விரிசலாவது ஒன்றாவது! அவ்வளவு சுத்தமான வேலை. அங்கேயே நின்று நண்பருக்குப் போன் செய்தேன்.

"விரிசல் இல்லவே. நேத்து நான் சொன்னது பொய்."

"தெரியும்வே" என்றார். "நேத்து உம்ம மூக்குக்கண்ணாடி சட்டைப் பையிலல்லா இருந்துச்சு. அது இல்லாம உமக்கு பஸ் நம்பரே தெரியாதே."

"தெரிஞ்சா அங்கயே திட்ட வேண்டியதுதானவே? எதுக்கு வேண்டாம்னு சொன்னீரு?"

"உம்ம சிவப்பு அட்டையை நான் என்னைக்கு அவுத்திருக்கேன்? கட்டினவரு நீரு, நீரேதான் அவுக்கணும். சரி, பச்சை கட்டிட்டு வாரும்." போனை வைத்துவிட்டார். ஏன் பொய் சொன்னேன் என்று அவர் அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். டீ வரவழைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பரின் வாசலில் சைடுகாரோடு வண்டி நின்றது. ஒரு கல்யாணப் பத்திரிகையின் பச்சை அட்டையைக் கத்தரித்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, சட்டத்தில் நூலால் கட்டினேன். அவர் மனைவி கம்பியைப் பிடித்து ஏறி, நீலத் திண்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார். "வாரோம் அண்ணாச்சி" என்று சின்னப் பெண் மாதிரி கையை ஆட்டினார். வண்டி தெருக்கோடியில் இடது பக்கம் திரும்பியது. சைடுகார் ஒரு நூல்கூடத் தூக்கவில்லை. நான் நின்று பார்த்தேன். வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. வயிறு எரிய எரிய நான் கட்டிய பச்சை அட்டை அது ஒன்றுதான், அதில் ஒரு பொய்யும் இல்லை.