சுளுக்கை மிதித்த கால்

சகோதர சகோதரிகளே, இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலம். லாபு ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவுவதை நிறுத்தி, எங்களை மரவள்ளி நடச் சொன்னார்கள். என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று வயது மகளும் நானும்தான் மிச்சம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுத்தால்தான் அரிசி. நிற்காதவளுக்கு ஒரு பிடி கிடையாது.

ஒரு மழை நாளில் கிழங்கு மூட்டையோடு சறுக்கி விழுந்தேன். கணுக்கால் மடங்கி, பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் கால் முன்னால் வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு ஓடிவிடும் என்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் நம்பிக்கை. நானேதான் அவரைக் கூப்பிட்டனுப்பினேன். அந்த முட்டாள்தனத்துக்கு என்னை இன்றும் நான் மன்னிக்கவில்லை. சூடாக எண்ணெய் தேய்த்து, மூன்று நாள் காலையில் வந்து மிதித்தார்.

"பல்லக் கடிச்சிக்க. நாளைக்கு ஓடுவ லா."

மூன்றாம் நாள் கால் கறுத்துப்போனது. தரையில் ஊன்ற முடியவில்லை. அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"நீ வேதக்காரி, அதான் பலிக்கல. திங்கக்கெழம பெரட்டுக்கு வரலன்னா ஒம் பேர அடிச்சிருவேன்."

எனக்குப் பற்றி எரிந்தது. முழங்காலில் நிற்கவும் முடியாமல், படுத்தபடியே கத்தினேன். "ஆண்டவரே, புருஷனத்தான் கொண்டுபோயிட்டாங்க. எம் பிள்ளைக்குச் சோறு குடும். அந்த மண்டோர் காலு அழுகிப் போகணும்!" அப்படியேதான் கேட்டேன்.

மறுநாளே தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் காய்ச்சல்காரர்களைப் பார்க்க லயத்துக்கு வந்தார். என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மண்டோரைக் கூப்பிட்டார்.

"எலும்பு ஒடியல. எலும்பப் பிடிச்சிருக்கிற நாரு கிழிஞ்சிருக்கு. கிழிஞ்சத போய் மிதிப்பியா? நீ கெடுத்த காலு, நீயே அவளுக்கு ஒக்காந்து செய்யிற வேல குடு!"

லயமே கேட்டது. மண்டோர் கொட்டகை வேலைக்கு என் பேரை எழுதிக்கொண்டார்.

மருந்து டிரஸ்ஸரிடமும் இல்லை. பழைய கைலியைக் கிழித்து, இறுக்காமல் கட்டினார். கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணி போடு, காலை உயர்த்தி வை, எண்ணெய் வேண்டாம், தேய்க்க வேண்டாம், வலி குறைந்ததும் மெல்ல அசை என்றார். திங்கட்கிழமை இரண்டு பெண்கள் என்னைத் தாங்கிக் கூட்டிப்போனார்கள். கொட்டகையில் உட்கார்ந்து கிழங்குத் தோல் சீவினேன். பேர் அடிபடவில்லை. மகள் அன்று கஞ்சி குடித்தாள். ஒன்றரை மாதத்தில் நடந்தேன்.

இன்றும் யாருக்காவது கால் பிசகினால் முதலில் நான்தான் ஓடுவேன், யாரையும் மிதிக்க விடமாட்டேன். நீங்களும் ஆண்டவரிடம் நம்பிக் கேளுங்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடே கேளுங்கள், அவர் காதை மூடிக்கொள்வதில்லை.

நான் அன்று இரண்டு கேட்டேன், ஒன்றைத்தான் கொடுத்தார். மண்டோரின் கால் கடைசிவரை நன்றாகவே இருந்தது. அதற்கும் ஸ்தோத்திரம் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.