ஆந்தைக்குப் பேர் வச்ச பிரேமலா

கூலாய்லேருந்து ஜேபி டவுனுக்கு ஆபீஸ் ஆளுங்கள ஏத்திட்டுப் போற என் வேன்ல பிரேமலா இருந்தா ரேடியோ தேவையில்ல. புருஷனத் திட்டுவா, மாமியாரத் திட்டுவா, நமக்கும் நியூஸ் கிடைக்கும். போன மாசம் ஒருநாள் வாயே திறக்கல. நான்தான் கிளறினேன்.

"அண்ணே, ஆந்தைய எதுல சேக்கறது?"

அலமாக்! யாரோ செய்வினை வச்சிட்டாங்கன்னு நெனச்சேன். அதில்லையாம். அவ ஆபீஸுக்கு வெளிநாட்டுக் கம்பெனிங்களோட வருசக் கணக்கு வரும். ஒவ்வொரு வரிக்கும் கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி ஒரு பேர் ஒட்டணும். டேக்னு சொல்றாங்க. பேரெல்லாம் பட்டியல்ல ரெடியா இருக்கு. எல்லாரும் அதையே ஒட்டினாத்தான் கம்பெனிக்குக் கம்பெனி ஒப்பிட்டுப் பாக்க முடியுமாம். இப்ப வந்தது பாமாயில் எடுக்கற ஒரு செம்பனைத் தோட்டக் கம்பெனி. எலிக்கு மருந்து வைக்காம ஆந்தை வளக்கறாங்க. கணக்குல 'ஆந்தைச் செலவு'ன்னு தனியா ஒரு வரி. பட்டியல்ல ஆந்தையே இல்ல.

"சொந்தமா ஒரு பேர் வச்சிடேன்மா."

"வைக்கலாம்ணே. ஆனா எங்க மேனேஜர் ஜெயபாலன் சாருக்குப் பிடிக்காது. தேடத் தெரியாதவங்கதான் புதுப் பேர் வைப்பாங்கம்பாரு. என் வேலைய கன்ஃபர்ம் பண்றதா வேணாமான்னு இந்த மாசம் அவர்தான் எழுதப் போறாரு."

"சம்பளத்துல போடு லா, ராத்திரி பூரா வேலை செய்யுதே"ன்னான் பேங்க்ல வேலை பாக்கற வீரமுத்து.

"அப்ப ஆந்தைக்கு இபிஎஃப் யாருடா கட்டறது?"ன்னேன் நான்.

துணிக்கடை மஹ்மூதா அக்கா, "'இதர செலவு'ன்னு போட்டுட்டுப் போவியா"ன்னாங்க.

"அங்க போட்டா ஆந்தை கரைஞ்சிடும்கா. கம்பெனியே தனியா காட்டினத நான் எப்படி மறைக்கறது?"

கடைசியில சொந்தப் பேரே வச்சிட்டா. அப்படி வச்சா, இன்னார் வீட்டுப் பிள்ளைன்னு பட்டியல்ல இருக்கற பெரிய பேர் ஒண்ணோட அதக் கட்டணுமாம். எதோட கட்டினேன்னு கேட்டேன்.

"இதர செலவோடண்ணே."

"அதத்தானேம்மா அக்கா அன்னிக்கே சொன்னாங்க?"

"இல்லண்ணே, இப்ப ஆந்தை தனியா நிக்குது. இதரம் அதுக்கு அப்பா மாதிரி."

தலையாட்டி வச்சேன். ஒரு மண்ணும் புரியல.

அடுத்த வாரம் ஜெயபாலன் கூப்பிட்டு, பட்டியல்ல இருக்கற ஒவ்வொரு பேரும் ஏன் ஒத்து வரலன்னு கேட்டாராம். இவளும் சொல்லியிருக்கா. வேலை கன்ஃபர்ம். ஆனா வேன்ல ஏறினவ மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருந்திச்சு.

"இனிமே பேர் கிடைக்காததெல்லாம் என் மேசைக்குத்தானாம்ணே. இன்னிக்கே ஒண்ணு வந்திருக்கு. யானை மிதிச்ச செம்பனைக்குக் கிடைச்ச நஷ்டஈடு. இத எதோட கட்டறது?"

திரும்பிப் பாத்தேன். வீரமுத்துவும் மஹ்மூதா அக்காவும் கண்ண இறுக்கி மூடி குறட்டை விட்டாங்க. வேன ஓட்டற பாவத்துக்கு நான் மட்டும் மாட்டிக்கிட்டேன்.