கண்மாய்க் கரைப் பனைகள்

அன்று கரையில் இருந்தவர்கள்: தலையாரி, ஒப்பந்தக்காரர், மரம் அறுக்கும் மிஷினோடு இரண்டு பேர், நான். என் வீடு அந்தக் கண்மாய்க் கரைக்கு நேர் கீழே. பனை வேர்தான் கரையைப் பிடித்து வைத்திருந்தது. பனையை வெட்ட கலெக்டர் உத்தரவு வேண்டும் என்பது சட்டம்.

"உத்தரவு இருக்குண்ணே. பட்டுப்போன மரம் மட்டுந்தான். சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க," என்றார் ஒப்பந்தக்காரர்.

"எம்புட்டு மரம்னு எழுதலையே?"

"அதை ஆபீஸ்ல எழுதிக்கிருவாங்க. ஒங்க கரைக்குத்தான சிமெண்டு போட வாரோம்."

போட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐப்பசி மழையில் கரை உடைந்து என் வீட்டுச் சுவர் போனது. புகார் கொடுக்கப் போனால் என் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்கள். பட்டுப்போன பனை ஏழு என்று அதில் எழுதியிருந்தது. திரும்பி வந்து கரையில் நின்ற அடிக்கட்டைகளை எண்ணினேன்.

நாற்பத்து மூன்று.