குளிர்ந்த அறைக்கு வெளியே அப்பா

நின்றாலே ரவிக்கை முதுகில் ஒட்டுகிற ஒரு மே மாத மதியத்தில், டாலிகஞ்சில் எங்கள் கீழ்வீட்டு மாஷிமா என் அப்பாவுக்கு ஒரு கம்பளிக் குல்லாய் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவின் வயதுள்ள பெண்களை இங்கே மாஷிமா என்றுதான் அழைப்போம். அப்பா ஏசி அறைக்குள் வர மறுக்கிறார் என்று என் அரைகுறை வங்காளத்தில் அவரிடம் புலம்பியிருந்தேன். குளிருக்குப் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். “தண்டா லேகே ஜாபே,” சளி பிடித்துவிடும் என்று சொல்லிக் குல்லாயைக் காதுவரை இழுத்துக் காட்டினார். அப்பா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். திருத்திச் சொல்ல எனக்கு மொழி போதவில்லை.

வேலூரில் இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். நம்மூர் வெயிலில் எழுபது வருஷம் கிடந்தவருக்கு ஏசி எதற்கு? ஆனால் வேலூர் வெயில் நிழலுக்குப் போனால் விட்டுவிடும். இங்கே நிழலும் வேகிறது. அம்மா போனபின் அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் அழைத்துவந்தேன். அவருக்காகத்தான் ஏசி மாட்டினோம். முதல்நாள் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தவர், எழுந்துபோய்க் கூடத்தில் விசிறிக்கடியில் படுத்துக்கொண்டார். பிறகு வரவே இல்லை. கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன். பலனில்லை.

ஒருநாள் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். தூக்கிவந்து ஏசி அறையில் கிடத்தினோம். பார்க்க வந்த டாக்டர், இனி இந்த அறையைவிட்டு நகரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா என் கையைப் பிடித்தார்.

“உங்கம்மாவ வச்சிருந்த பெட்டியும் இப்படித்தாம்மா சத்தம் போட்டுச்சு. ராத்திரி பூரா பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன்.”

அந்தக் குளிர்பெட்டியை வாடகைக்கு எடுத்ததே எனக்காகத்தான். விமானம் கிடைத்து நான் போய்ச் சேர மறுநாள் ஆகிவிட்டது. நான் உள்ளே நுழைந்தபோது அப்பா எழுந்து, அம்மாவின் முகம் எனக்குத் தெரிவதற்காக, பெட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துண்டால் துடைத்தார்.

இப்போது அவருடைய கட்டிலைக் கூடத்தில், அந்த அறை வாசலை ஒட்டிப் போட்டிருக்கிறோம். கதவைச் சாத்துவதில்லை. குளிர் கொஞ்சம் அவர்வரை போகும்; விசிறியை வேகமாக வைத்தால் அந்தச் சத்தம் அமுங்கிவிடும். ஞாயிறு மதியங்களில் உள்ளே, உடம்பெல்லாம் வியர்க்குருவோடு என் மகள் தூங்குகிறாள். தூக்கத்திலும் வங்காளத்தில்தான் முனகுகிறாள். வெளியே அப்பா அம்மாவின் பேரைச் சொல்லிக்கொண்டே புரள்கிறார். நான் நிலைப்படிக்குக் குறுக்கே பாயை விரித்துப் படுக்கிறேன். கால்கள் குளிரில் விறைக்கின்றன. தலையணை வேர்வையில் நனைகிறது.