ரப்பர்ப் பாலில் ஓடிய கார்

டிரைவரைக் கட்டிக்கொண்டால் காரில் போகலாம் என்று நம்பித்தான் நான் கழுத்தை நீட்டினேன். போன லட்சணம் எனக்குத்தான் தெரியும். ஒரே ஒரு முறை, கொட்டகையில் நின்ற காரில், என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். தோட்டத்துத் துரையின் கார் அது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை டயர் வெடித்துக் கிடந்த காரை விட்டுவிட்டுக் கிடைத்த லாரியில் ஏறி ஓடிவிட்டார். டிரைவர் கத்தியை எடுத்துக்கொண்டு என்னோடு ரப்பர் மரத்தில் பால் வெட்ட வந்தார்.

ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. அடுத்த முறை என் வீட்டுக்காரர் போகவேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் குருண் டவுனில் இருந்த ஜப்பான் அதிகாரிக்கு ஒரு விளையாட்டுத் தோன்றியது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கிடக்கும் கார்களெல்லாம் பந்தயம் ஓடவேண்டுமாம். பெட்ரோல் தரமாட்டானாம். ஜெயிக்கிற டிரைவரைத் தன் ஆபீசிலேயே வைத்துக்கொள்வானாம், சயாமுக்கு அனுப்பமாட்டானாம். காரோடு எவனும் ஓடிவிடாதபடி டிரைவர்களின் பெண்டாட்டிகள் முடிவுக் கோட்டில் வந்து நிற்கவேண்டும். எங்களை ஈடு வைத்து விளையாடினான், படுபாவி.

எங்களிடம் இருந்தது ரப்பர் மட்டும்தான். ஆகவே எல்லாவற்றையும் ரப்பரால் செய்தோம். காற்றுக்குப் பதிலாக டயருக்குள் பாலை ஊற்றி, ஆசிட் கலந்து உறையவைத்தோம். பால் வெட்டுகிறவர்களின் புத்தி அப்படித்தான் போகும். உறைந்ததென்னவோ அழகாகத்தான் உறைந்தது. வண்டியைத் தள்ளியதும் நாலு சக்கரமும் புளித்த தண்ணீராகக் கக்கின. நாற்றம் லயம் முழுக்க. மறுபடி அத்தனையையும் பிடுங்கி எறிந்துவிட்டு, உறைந்த பாலை மெல்லிய ஷீட்டாக உருளையில் விட்டுப் பிழிந்து, புகை போடும் கொட்டகையில் காயவைத்து, டயருக்குள் இறுக்கி இறுக்கிச் சுற்றினோம். கல் மாதிரி நின்றது.

பெட்ரோலும் அந்தப் பாலில்தான். காய்ந்த ரப்பரை எண்ணெய் டிரம்மில் போட்டு அடியில் விறகு வைத்து எரித்தோம். ஆவி ஒரு குழாய் வழியாகத் தண்ணீருக்குள் போய், மறுமுனையில் சொட்டுச் சொட்டாக எண்ணெயாக விழுந்தது. வீட்டுக்காரர் இரண்டு தடவை துணியில் வடிகட்டிக் காருக்கு ஊற்றி, முன்பக்கக் கைப்பிடியைச் சுற்றினார். இருமியது, புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. கொட்டகையே அதிர்ந்தது. விடியற்காலையில் நான் கோப்பையில் சேர்த்த பால்! என் கைகள் தானாகக் கும்பிட்டன. அவர் சிரித்தார். சிரிக்கட்டும், எனக்குச் சாமி வந்த மாதிரிதான் இருந்தது.

அடுத்து எடை. கதவுகள், கூரை, மட்கார்டு எல்லாம் போயின. பின் இருக்கையும் போயிற்று. கடைசியில் நான் உட்கார்ந்து பார்த்த அந்தப் பக்கத்து இருக்கையின் திருகுகளை நானேதான் கழற்றினேன். தேய்ந்துபோன பிரேக்குக்கு ஃபேக்டரி எஞ்சினின் பழைய தோல் பெல்ட்டை வெட்டி அடித்தோம். நான் தள்ளிப் பார்த்தேன், அவர் மிதித்துப் பார்த்தார். கெட்டியாகப் பிடித்தது.

பந்தயத்தன்று கோட்டில் நின்றேன். கழுத்தில் தாலி இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ரோட்டின் கோடியில் கரும்புகை கிளம்பியது. மற்ற கார்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு, எலும்பும் தோலுமாக எங்கள் கார் வந்தது. அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை. என் மரங்கள் ஓடி வருகின்றன என்றுதான் தோன்றியது. சிலிர்த்துப் போய், வாயைப் பொத்திக்கொண்டேன்.

கோட்டைத் தாண்டியது. நிற்கவில்லை. ஜெராய் மலைப்பக்கம் வளைவில் திரும்பி மறைந்தது.

சிப்பாய் ஒருவன் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டான். போய்விடு சாமி, திரும்பிப் பார்க்காமல் போய்விடு என்று வேண்டினேன். அடப்பாவி, என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாயே என்றும் திட்டினேன். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

வெயில் நகர்ந்தது. மற்ற கார்களெல்லாம் வந்து நின்றுவிட்டன. அப்புறம்தான் அந்த நாற்றம் வந்தது. ரப்பர் எண்ணெய்! வளைவில் கார் மெதுவாகத் திரும்பி வந்து, அதிகாரியின் பூட்சுக்கு ஒரு முழம் முன்னால் அலுங்காமல் நின்றது.

"பிரேக் ரோசாக், துவான்" என்றார் வீட்டுக்காரர்.

பிரேக் கெட்டுவிட்டதாம். அதிகாரி, சரியாக நின்றுவிட்ட சக்கரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மறுநாள் ஆபீசுக்கு வந்துவிடச் சொல்லிவிட்டுப் போனான்.

கூட்டம் கலைந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "பிரேக்கு நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு லா."

"பெறகு ஏன் நிக்கல?"

"மலைக் காட்டு ரோடு நேரா கெடந்துச்சு. போயிட்டேன்."

போன மனிதர் எதற்காகத் திரும்பி வந்தார்? நான் கேட்பதற்கு முன் அவரே காருக்குள், தன் இடதுபக்கத்து வெறும் பலகையைக் காட்டினார்.

"நீ சீட்டக் கழட்டிட்டியா... அந்த வெத்து எடம் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்துச்சு. ஓட்ட முடியல புள்ள."

அந்தப் பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அப்படியே தோட்டத்துக்குப் போனோம்.